மூளைக்குள் ஒரு மதகு!

கோடியக்கரை! தஞ்சைத் தரணி கடலோடு போய் முடிகிற மூலை. 1991-இல் ஜில்லாவைப் பிரித்தபோது இந்த ஊர் நாகப்பட்டினத்தோடு சேர்ந்தது. கிழக்கே வங்கக் கடல். தெற்கே பாக் நீரிணை. அதைத் தாண்டினால் யாழ்ப்பாணம்.

வெளிமானைப் பார்க்க இங்கே வருகிறவர்கள் உண்டு. பூநாரையைப் பார்க்க வருகிறவர்கள் உண்டு. கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னைப் படித்துவிட்டு, பூங்குழலி படகு விட்ட கடலைப் பார்க்க வருகிறவர்களும் உண்டு. நாம் இன்று பார்க்கப் போவது இவற்றில் எதையும் அல்ல. மீனவரின் மடியில் இருக்கும் ஒரு சிறு பொட்டலத்தை!

ஐப்பசி பிறந்தால் கோடியக்கரையில் மீன் பருவம். மாசி, பங்குனி வரை அது நீடிக்கும். வெளியூர் மீனவர்கள் வந்து கொட்டகை போட்டுத் தங்குவார்கள். காலாவும் வாவலும் நண்டும் வலையில் விழும். இரவில் விழித்திருக்க வேண்டிய தொழில். குளிர் ஒரு பக்கம், உப்புக் காற்று ஒரு பக்கம். நடுச்சாமத்துக்கு மேல் தூக்கம் கண்ணைச் சுழற்றும். அப்போது மடியிலிருந்து பொட்டலம் வெளியே வரும். ஒரு கிள்ளுப் புகையிலையை வாயில் அடக்கிக்கொண்டால் தூக்கம் விலகும். மனத்தில் ஒரு தெம்பு பிறக்கும். கை மறுபடி வலையை இழுக்கும்.

கடலில் மட்டுமா? வயலிலும் உப்பளத்திலும் இதே கதைதான். வேதாரண்யம் வட்டாரத்து மணல் கொல்லைகளில் புகையிலை பயிராவது பழைய சங்கதி. வெற்றிலைப் பெட்டி இல்லாத வீடு இந்தப் பக்கம் ஒரு காலத்தில் அபூர்வம்.

அந்தத் தெம்பு எங்கிருந்து வந்தது? புகையிலையிலிருந்து வந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். விஞ்ஞானிகள் அப்படிச் சொல்லவில்லை. அந்தத் தெம்பு மீனவரின் சொந்த மூளையில் முன்பே சேமித்து வைக்கப்பட்டிருந்தது என்கிறார்கள். புகையிலை செய்ததெல்லாம் ஒன்றுதான். அது மதகைத் திறந்துவிட்டது!

அளந்து விடும் தண்ணீர்

நம் தலைக்குள் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. ஓர் அணுவுக்கும் அடுத்த அணுவுக்கும் நடுவே மிக மிகச் சிறிய இடைவெளி உண்டு. முதல் அணு சேதி சொல்ல விரும்பினால், அந்த இடைவெளியில் ஒரு ரசாயனத்தைச் சிறிது சிந்தும். எதிரே உள்ள அணுவில் அதை ஏற்கும் வாசல்கள் இருக்கின்றன. ரசாயனம் வாசலில் போய்ப் பொருந்தியதும் சேதி சேர்ந்துவிட்டது.

இப்படிப்பட்ட ரசாயனங்கள் பல. அவற்றில் ஒன்றின் பெயர் டோபமின். அதைச் சுரக்கும் அணுக்கள் மூளையில் சில லட்சம்தான். 8,600 கோடியில் சில லட்சம்! ஆனால் அவற்றின் கிளைகள் மூளையின் பெரும் பகுதிக்குப் போகின்றன. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கிளை கிளையாகப் பிரிந்து கடைமடைக்கு வருகிறதே, அதுபோல.

டோபமினைச் ‘சந்தோஷச் சாறு’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது அரைகுறைப் பேச்சு. சந்தோஷத்தைவிட, எழுந்து நடக்க வைப்பதும் ஒன்றை நாடிப் போக வைப்பதும்தான் அதன் பெரிய வேலை. ‘இது நல்லது, இன்னொரு தரம் செய்’ என்று மூளைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதும் அதுவே. பசித்தவனுக்குச் சோற்றுப் பானை நினைவுக்கு வருவதில் டோபமினுக்குப் பங்கு உண்டு.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சிந்திய டோபமின் இடைவெளியிலேயே தங்கிவிடக் கூடாது. தங்கினால் சேதி ஓயாது. அதனால், சிந்திய அணுவே அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதற்கென்று தனி வாசல்கள் உண்டு. இழுத்ததைச் சிறு சிறு பைகளில் போட்டு அடுத்த வேளைக்கு வைத்துக்கொள்கிறது. பாசனத்துக்கு மதகு எப்படியோ, வடிகால் எப்படியோ, அப்படி இரண்டும் மூளையில் உண்டு.

அரிக்கும் கொடியும் சென்னை விஞ்ஞானிகளும்

கண்ணுக்குத் தெரியாத இந்தச் சமாசாரத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அந்தக் கதையில் நம் நாட்டுச் செடிகள் இரண்டு வருகின்றன.

கோடியக்கரைக் காடு மூலிகைக்குப் பேர்போனது. மூலிகை தெரிந்தவர்களுக்குப் பூனைக்காலி என்ற கொடியைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதன் காய் மேல் பொன்னிறச் சுணை இருக்கும். பட்டுவிட்டால் உடம்பெல்லாம் அரிக்கும்! ஆனால் அதன் விதையைச் சுத்தி செய்து சித்த வைத்தியர்கள் மருந்தாகக் கொடுத்து வந்திருக்கிறார்கள்.

1937-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எம். தாமோதரன், ஆர். ராமசாமி என்ற இரண்டு விஞ்ஞானிகள் இந்த விதையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதன் பெயர் டோபா. இங்கிலாந்தில் வெளியாகும் உயிர் ரசாயனப் பத்திரிகை ஒன்றில் அந்தச் சேதி வந்தது. நூறு கிராம் விதையில் ஏறக்குறைய நான்கைந்து கிராம் டோபா இருக்கிறது. நம் உடம்பும் டோபாவைத் தயார் செய்கிறது. மீனிலும் பருப்பிலும் உள்ள புரதச் சத்திலிருந்து டோபா, டோபாவிலிருந்து டோபமின். இடையில் ஒரே படிதான்.

ஆனால் டோபமினுக்கு மூளையில் தனி வேலை உண்டு என்பது அன்று யாருக்கும் தெரியாது. அதற்கு இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின.

இரண்டாவது செடி சர்ப்பகந்தி. சித்தப் பிரமைக்கும் தூக்கமின்மைக்கும் வடநாட்டில் காலம் காலமாக இதன் வேரைக் கொடுத்தார்கள். கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் 1931-இல் இதைப் பற்றி எழுதினார்கள். பம்பாய் டாக்டர் ருஸ்தம் வக்கீல் 1949-இல் இது ரத்தக் கொதிப்பைத் தணிப்பதை மேல்நாட்டு டாக்டர்களுக்கு எடுத்துக் காட்டினார். 1952-இல் சுவிட்சர்லாந்தில் இந்த வேரின் சத்தைத் தனியே பிரித்தார்கள். அதற்கு ரெசர்பின் என்று பெயர்.

இப்போது ஸ்வீடன் தேசத்துக்குப் போவோம். அங்கே அர்விட் கார்ல்சன் என்ற விஞ்ஞானி முயல்களுக்கு ரெசர்பின் ஊசி போட்டார். முயல்கள் காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு அசையாமல் கிடந்தன. உயிர் இருக்கிறது, கண் இருக்கிறது. எழுந்து போக வேண்டும் என்ற எண்ணம் இல்லை. பிறகு அதே முயல்களுக்கு டோபா ஊசி போட்டார். சற்று நேரத்தில் அவை எழுந்து உட்கார்ந்தன, நடந்தன! ரெசர்பின் பைகளைக் காலி செய்துவிட்டது. டோபா வந்து மூளையில் டோபமினை மறுபடி உண்டாக்கிற்று. 1957-இல் அவர் இதை வெளியிட்டார். அடுத்த ஆண்டே மூளையில் டோபமின் இருப்பதை அளந்தும் காட்டினார். 2000-ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கை நடுங்கி, கால் நகராமல் போகும் நடுக்குவாத நோய்க்காரர்களின் மூளையில் டோபமின் வற்றிப் போயிருப்பதை 1960-இல் வியன்னாவில் கண்டார்கள். இன்று அந்த நோய்க்கு உலகமெங்கும் கொடுக்கும் முக்கிய மருந்து டோபாதான். (இதைப் படித்துவிட்டு யாரும் பூனைக்காலி விதையை அரைத்துக் குடிக்க வேண்டாம். அளவு தவறினால் வாந்தி, மனக் குழப்பம், ரத்த அழுத்தக் கோளாறு எல்லாம் வரும்.)

அந்த முயலை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பை காலியானால் பிராணி எப்படிக் கிடக்கும் என்பதை அது காட்டிவிட்டது.

புகையிலை, கோக்கைன், ஐஸ்

இனி பொட்டலத்துக்கு வருவோம். புகையிலையில் உள்ள நிக்கோட்டின், டோபமின் அணுக்களை உசுப்பிவிடுகிறது. பீடி சிகரெட்டாகப் பிடித்தால் பத்து இருபது விநாடிகளில் மூளைக்குப் போய்விடும். வாயில் அடக்கினால் கொஞ்சம் மெதுவாகப் போகும். ஆனால் வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பு இருக்கிறதே, அது நிக்கோட்டின் கன்னத்துச் சதை வழியாகச் சீக்கிரம் இறங்க வழி செய்கிறது. விஞ்ஞானம் தெரியாமலே நம் முன்னோர் கண்டுபிடித்த குறுக்கு வழி!

கோக்கைன் வேறு விதம். தென் அமெரிக்காவில் விளையும் கோக்கா இலையிலிருந்து 1860-இல் பிரிக்கப்பட்டது. அது மதகைத் தொடுவதில்லை, வடிகாலை அடைக்கிறது. சிந்திய டோபமின் உள்ளே திரும்ப வழியில்லாமல் இடைவெளியிலேயே தேங்கி நிற்கும்.

எல்லாவற்றிலும் பொல்லாதது மெதாம்பிட்டமின். 1893-இல் ஜப்பானில் நகாயி நகயோஷி என்ற ரசாயன நிபுணர் இதை முதலில் செய்தார். இரண்டாவது உலக யுத்தத்தில் ஜெர்மன் சிப்பாய்களுக்கும் ஜப்பானியச் சிப்பாய்களுக்கும் தூக்கம் வராமல் இருக்கக் கொடுத்தார்கள். யுத்தம் முடிந்ததும் ஜப்பானில் பொது ஜனங்களிடையே இந்தப் பழக்கம் காட்டுத் தீ போலப் பரவிற்று. 1951-இல் அந்தச் சர்க்கார் தனிச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியதாயிற்று. இன்று இதன் கள்ளச் சந்தைப் பெயர் ‘ஐஸ்’. பார்வைக்குக் கண்ணாடித் துண்டு போல இருப்பதால் அந்தப் பெயர்.

இது என்ன செய்கிறது தெரியுமா? டோபமினைத் திரும்ப இழுக்கும் வாசல் வழியாகவே திருடனைப் போல அணுவுக்குள் நுழைகிறது. உள்ளே உள்ள பைகளைக் கவிழ்க்கிறது. பிறகு அந்த வாசலையே தலைகீழாக ஓட வைக்கிறது. உள்ளே இழுக்க வேண்டிய வாசல் வெளியே கொட்டுகிறது! வடிகால் வழியாகக் கடல் தண்ணீர் வயலுக்குள் ஏறுவதைக் கண்டவர்களுக்கு இது புரியும்.

எலிகளின் மூளையில் இதை அளந்திருக்கிறார்கள். தீனி கிடைத்தால் டோபமின் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. நிக்கோட்டின் கொடுத்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கோக்கைன் மூன்று நான்கு மடங்கு. ஐஸின் உடன்பிறப்பான ஆம்பிட்டமின் கொடுத்தால் பத்து மடங்கு! கோக்கைனாவது ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஐஸ் பாதியளவு உடம்பை விட்டு நீங்கவே பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும்.

நம் கடலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 2023 மே மாதம் கேரளக் கடலில் இந்தியக் கடற்படையும் போதைத் தடுப்பு அதிகாரிகளும் ஏறக்குறைய 2,500 கிலோ பிடித்தார்கள். 2024 நவம்பரில் அந்தமான் அருகே கடலோரக் காவல் படை ஒரே மீன்பிடிப் படகில் ஏறக்குறைய ஐந்தரை டன் பிடித்தது. இரவில் விழித்திருக்க வேண்டிய தொழில் செய்கிறவர்களிடம், ‘புகையிலை எதற்கு? இதில் ஒரு துளி போதும், இரண்டு நாள் தூக்கம் வராது’ என்று ஒருவன் சொன்னால், அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் ஆபத்து. முழுக் கதையை மட்டும் அவன் சொல்ல மாட்டான்.

மடையை அடைக்கும் மூளை

முழுக் கதை இதுதான். வயலில் வெள்ளம் ஏறினால் விவசாயி சும்மா இருப்பாரா? மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடி மடையை அடைப்பார். மூளையும் அதையே செய்கிறது. திரும்பத் திரும்ப டோபமின் வெள்ளம் வந்தால், எதிர்ப்பக்கத்து அணு தன் வாசல்களைக் குறைத்துக்கொள்கிறது. பைகளில் கையிருப்பும் குறைகிறது. ஐஸ் விஷயத்தில் நரம்பு நுனிகளே கெட்டுப் போகின்றன.

பிறகு மருந்து இறங்கியதும் என்ன ஆகும்? மடை அடைத்த வயல்தான்! சாதாரணமாக வரும் கொஞ்சத் தண்ணீரும் உள்ளே ஏறாது. சாப்பாடு ருசிக்காது. பிள்ளை மடியில் வந்து உட்கார்ந்தால் மனம் குளிராது. வலை நிறைய மீன் வந்தாலும் உற்சாகம் இல்லை. கார்ல்சனின் முயல் போலக் கிடப்பான். எழுந்து உட்காரவே மறுபடி பொட்டலம் வேண்டும். முதலில் உற்சாகத்துக்காகப் போட்டவன், பிறகு எல்லோரையும் போல் இருப்பதற்கே போடுகிறான். அளவும் ஏறும். இரவு பகல் தூங்காமல் இருந்தால், யாரோ துரத்துகிறார்கள் என்ற பயமும் சந்தேகமும் பிடித்துக்கொள்ளும். கட்டிய மனைவியையே சந்தேகிப்பான்.

‘மனத்தில் உறுதி இல்லை, அதனால் விட முடியவில்லை’ என்று வீட்டில் பெரியவர்கள் திட்டுவார்கள். பாதி நியாயம்தான். ஸ்விட்சர்லாந்தில் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துப் பார்த்தார். முதலில் சாறு வாயில் பட்டதும் டோபமின் அணுக்கள் துடித்தன. சாறு வருவதற்கு முன் ஓர் அடையாளம் காட்டிப் பழக்கினார். சில நாளில் சாறு வந்தபோது துடிப்பு இல்லை. அடையாளத்தைக் கண்டதுமே துடிப்பு! அடையாளம் காட்டிவிட்டுச் சாறு கொடுக்காமல் ஏமாற்றினால், அணுக்கள் வழக்கத்தைவிடவும் அடங்கிப் போயின.

புகையிலையை விட்ட மனிதர் பெட்டிக்கடையைத் தாண்டும்போது என்ன பாடுபடுகிறார் என்பது இதிலிருந்து தெரிகிறது. சரம் சரமாகத் தொங்கும் பொட்டலம்தான் அவருக்கு அந்த அடையாளம். வீட்டில் உள்ளவர்கள் செய்யக்கூடிய உதவிகளில் நல்லது, வெற்றிலைப் பெட்டியைக் கண் மறைவாக வைப்பது. குட்காவையும் பான் மசாலாவையும் விற்க 2013-இல் தமிழ்நாட்டு அரசு தடை போட்டது. ஆனாலும் பள்ளிக்கூடம் போகிற பையன்களின் சட்டைப் பையில் அவ்வப்போது பொட்டலம் அகப்படுகிறது. வளரும் மூளை பாடத்தைச் சீக்கிரம் படிக்கிறது; இந்தப் பாடத்தையும்தான்.

காப்பி குடிப்பவர்கள் கவலைப்படுவார்கள். கும்பகோணம் டிகிரி காப்பியும் தூக்கத்தை விரட்டுகிறதே! காப்பியில் உள்ள கஃபீன் வேறு வழியில் வேலை செய்கிறது. களைப்பைச் சொல்லும் இன்னொரு ரசாயனத்தின் வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறது. டோபமின் வெள்ளத்தை அது வரவழைப்பதில்லை. காப்பி கிடைக்காவிட்டால் தலை வலிக்கும், குடும்பம் கெடாது. வெறும் பாக்கு மட்டும் அப்படிச் சாதுவானது அல்ல. புகையிலை சேராத வெற்றிலைபாக்கும் வாய்ப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அறிவித்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன.

இன்னொரு சந்தேகமும் வரலாம். ஓரிடத்தில் உட்கார முடியாத குழந்தைகளுக்கு டாக்டர்கள் இதே வகை மருந்து கொடுப்பது உண்டு. அங்கே அளவு சிறியது. மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். வாய்க்கால் தண்ணீர் வேறு, உடைப்பெடுத்த ஆறு வேறு.

அடைத்த மடை திறக்குமா?

திறக்கும். ஆனால் நாளாகும்.

அமெரிக்காவில் நோரா வோல்கோ என்ற டாக்டரம்மாளும் அவரது கூட்டாளிகளும் மூளைக்குள் நடப்பதைப் படமெடுக்கும் கருவி கொண்டு ஐஸ் பழக்கக்காரர்களைப் பார்த்தார்கள். டோபமினைத் திரும்ப இழுக்கும் வாசல்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. அவர்களில் ஐந்து பேர் பழக்கத்தை விட்டு, ஓராண்டுக்கு மேல் உறுதியாக இருந்தார்கள். அவர்களை மறுபடி படமெடுத்தபோது, மூளையின் ஒரு பகுதியில் நூற்றுக்கு 19, இன்னொரு பகுதியில் நூற்றுக்கு 16 என்ற கணக்கில் வாசல்கள் கூடியிருந்தன! 2001-இல் வெளியான சேதி இது. ஞாபக சக்தி மட்டும் அதே அளவுக்குத் திரும்பவில்லை. ஐந்து பேர் என்பது சின்னக் கணக்குதான். ஆனால் செத்தது என்று நினைத்த நரம்பில் உயிர் இருந்தது என்பது சின்ன விஷயமா?

புகையிலையை விடுகிறவர்களுக்கு இவ்வளவு காலம் வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாள்தான் பெரும்பாடு. எரிச்சல் வரும், தூக்கம் கெடும், யாரைக் கண்டாலும் கோபம் வரும். மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும். அந்த நாட்களில் வீட்டுக்காரர் சள்ளென்று விழுந்தால், மனைவி அதைத் தன் மேல் உள்ள வெறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மூளையில் மடை திறக்கிற சத்தம் அது.

ஐஸ் பழக்கம் இருப்பவரை வீட்டிலேயே பூட்டி வைத்துத் திருத்தப் பார்க்கக் கூடாது. மருந்து இறங்கியதும் சிலருக்கு உயிரையே வெறுக்கும் அளவுக்கு மனம் சோர்ந்துவிடும். டாக்டர் கண்காணிப்பு கட்டாயம் தேவை. சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆஸ்பத்திரி போன்ற மறுவாழ்வு நிலையங்கள் இதற்கென்றே இருக்கின்றன. எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14446 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். மத்திய சர்க்கார் நடத்தும் இலவசப் போன் அது. பழக்கம் உள்ளவர்தான் பேச வேண்டும் என்பதில்லை. தாயாரோ மனைவியோ பேசினாலும் போதும்.